எம்பிவியா, பி-செலக்டினா? சர்க்கரை உள்ளவர்கள் எதைப் பார்க்கலாம்

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. போன மாதம் சைதாப்பேட்டையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) 2.4 லட்சம். நிம்மதியானோம். அப்புறம்தான் அடுத்த வரி கண்ணில் பட்டது: எம்பிவி 12.1, தடித்த எழுத்தில்.

எம்பிவி என்பது பிளேட்லெட்டின் சராசரிப் பருமன். பெரிய தட்டணுக்கள் சுறுசுறுப்பானவை, சீக்கிரம் ஒட்டிக்கொள்பவை. சர்க்கரை உள்ளவர்களிடம் இந்த அளவு சற்றுக் கூடுதலாக இருப்பதையும், மாரடைப்போடு அதற்குத் தொடர்பு இருப்பதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தனிச் செலவும் இல்லை, சிபிசி (முழு ரத்த அணு எண்ணிக்கை) தாளிலேயே வந்துவிடும். ஆனால் ஒரு சிக்கல். ஊதா மூடிக் குழாயில் உள்ள உறைதடுப்பு மருந்தில் நேரம் ஆக ஆகப் பிளேட்லெட் உப்பும். காலையில் வீட்டுக்கு வந்து எடுத்த ரத்தம் மதியம் மெஷினுக்குப் போனால் எண் ஏறித்தான் தெரியும்.

பி-செலக்டின் வேறு ரகம். பிளேட்லெட்டுக்குள் ஒளிந்திருக்கும் இந்தப் புரதம், பிளேட்லெட் தூண்டப்பட்டதும் அதன் மேற்பரப்புக்கு வரும். பிளேட்லெட் தூண்டப்பட்டிருப்பதற்குப் பருமனை விட நேரடியான சாட்சி. ஆனால் அளக்க ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஆராயும் முறை) வேண்டும். பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தான் பயன்படுகிறது.

என்னைக் கேட்டால் வீட்டுக்கு எம்பிவி போதும். அதுவும் ஒரே லேபில், ரத்தம் எடுத்ததும் பார்த்தால். எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்), பிரஷர், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) மூன்றின் இடத்தை இரண்டுமே பிடிக்காது. இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து நீங்களாக ஆஸ்பிரின் தொடங்கிவிடாதீர்கள், வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். அடுத்த முறை அம்மாவை லேபுக்கே கூட்டிப் போகிறேன்.