ஒகேனக்கல் ஒரு நாள்: பரிசலுக்குக் கொடுக்கும் காசு தகுமா?

தகும், தண்ணீர் சரியாக இருந்தால். அதனால் கிளம்பும் முன் பிலிகுண்டுலு நீர்வரத்தைப் பார்த்துவிடுங்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையுமிடத்தில் அளக்கும் கணக்கு அது. விநாடிக்கு இத்தனை கன அடி என்று காலைச் செய்தியிலேயே வந்துவிடும். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறந்த தண்ணீர் ஓரிரு நாளில் இங்கே வந்து சேரும். தருமபுரியில் வெயில் கொளுத்தும்போதே ஆற்றில் வெள்ளம் புரள்வது இதனால்தான். நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடும். ஜூலை, ஆகஸ்டில் இது வாடிக்கை. வெள்ளம் பெரிதானால் அருவிக்குப் போகும் நடைபாதையே மூழ்கும். பிறகு பண்ணக்கூடியது முதலைப் பண்ணையைச் சுற்றுவதும் மீன் சாப்பிடுவதும்தான்.

அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை பெரும்பாலும் நல்ல காலம். கோடையில் அருவிகள் மெலிந்து போகும் என்று பலர் தவிர்க்கிறார்கள். ஆனால் பள்ளத்தாக்கைப் பார்க்க வருபவருக்குக் குறைந்த நீர்தான் லாபம்: பாறைச் சுவர்கள் உயரமாகத் தெரியும், பரிசல் அருவிகளுக்கு நெருக்கமாகப் போகும். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் வேண்டாம். கூட்டத்தைத்தான் பார்க்க முடியும்.

பரிசல் கட்டணம் ஆளுக்கு அல்ல, பரிசலுக்கு. ஆகவே இருவர் தனியாகப் போனால் கை கடிக்கும், நால்வராகச் சேர்ந்துகொள்ளுங்கள். அரசு கவுண்டரில் அன்றைய கட்டணப் பலகையைப் படித்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். வழியில் மடக்கி 'நேராக வாங்க' என்பவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். ஓட்டுபவர் மேற்கொண்டு கேட்பது சகஜம். கொடுப்பதானால் எவ்வளவு, எதுவரை போய்த் திரும்புவது என்பதைக் கரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நடு ஆற்றில் பேரம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. நீரளவைப் பொறுத்து ஏறும் துறையும் போகும் பாதையும் மாறும். ஐந்தருவி, பிரதான அருவி, மணல்திட்டு மூன்றும் வருமா என்று கேளுங்கள்.

பரிசல் என்பது மூங்கில் பின்னல்; அடியில் முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு. தட்டையான வட்ட அடி என்பதால் முழங்கால் ஆழத்திலும் பாறைமேல் வழுக்கிப் போகும். அதே காரணத்தால் நேராக ஓடாது, சுழலும். வேடிக்கைக்காக வேகமாகச் சுற்றிக் காட்டுவார்கள். தலை சுற்றுபவர்கள் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கனமானவர்கள் எதிரெதிரே, தரையில் ஒட்டி உட்கார வேண்டும். செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் எழுந்தால் கவிழும். விபத்துக்கு வேறு காரணம் தேவையில்லை. லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளும் மாட்டுமா என்று பார்த்து வாங்குங்கள், அறுந்தது இருந்தால் மாற்றுங்கள். போனுக்கு பிளாஸ்டிக் உறை கட்டாயம். சில இடங்களில் இறங்கிப் பாறைமேல் நடக்க வேண்டும். ஓட்டுபவர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார். கீழே போனதும் இருபுறமும் பாறைச் சுவர், இடுக்கெல்லாம் அருவி. கரையிலும் தொங்குபாலத்திலும் நின்று பார்ப்பவருக்கு இதில் பாதிகூடத் தெரியாது. அங்கேயும் பரிசலில் கடை போட்டு வறுத்த மீன் விற்கிறார்கள் என்பது தனி அழகு.

வேலைகளின் வரிசை முக்கியம். வந்ததும் மீன் வாங்கி, அங்கே கூலிக்குச் சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்துவிடுங்கள். மசாலா, அரிசி, எண்ணெய் என்ன வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள், கூலி தனி. குழம்பும் வறுவலும் ஆக இரண்டு மணி நேரமாவது பிடிக்கும், அதற்குள் பரிசல் முடிந்துவிடும். முள் பயம் உள்ளவர்கள் கெளுத்தி கேளுங்கள். எண்ணெய் மசாஜைப் பரிசலுக்குப் பிறகு வையுங்கள். எண்ணெய்க் கையோடு பரிசல் விளிம்பைப் பிடித்தால் நழுவும். மசாஜுக்கும் விலை முதலிலேயே பேச வேண்டும். குளியல் கம்பித் தடுப்புக்குள் மட்டும். வெளியே பாசியும் சுழலும் உண்டு, ஆற்றில் முதலையும் உண்டு. சாப்பாட்டைக் குரங்கு கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கி.மீ.; அரசுப் பேருந்து உண்டு. மலைச்சாலை வளைவுகளில் வாந்தி வருபவர்கள் முன் இருக்கை பிடிக்கலாம். பெங்களூரிலிருந்து அஞ்செட்டி வழியாக வந்தால் தூரம் மிச்சம், ஆனால் அது யானைகள் நடமாடும் காட்டுச் சாலை. அந்த வழியே திரும்புவதானால் மாலை நான்கு மணிக்கே வண்டியை எடுத்துவிடுங்கள்.