சிரிப்பு யோகா வகுப்பு: எதைப் பார்த்துச் சேரலாம்?

1995 மார்ச்சில் மும்பைப் பூங்கா ஒன்றில் மருத்துவர் மதன் கட்டாரியா ஐந்து பேராகத் தொடங்கிய பயிற்சி இது. முதலில் ஜோக்குகள்தான். சில நாட்களிலேயே சரக்கு தீர்ந்து, மனம் நோகும் ஜோக்குகள் வரத் தொடங்கவே, ஜோக்கே இல்லாமல் சிரிக்கும் முறைக்கு மாறினார்கள். அந்த மாற்றம்தான் இதன் உயிர். இன்றும் ஜோக் சொல்லியே வகுப்பை ஓட்டுபவரிடம் சேர வேண்டாம்.

நல்ல வகுப்பு அரை மணி நேரம் ஓடும். உள்ளங்கையும் விரல்களும் முழுதாய்ப் படும்படி தட்டி 'ஹோ ஹோ, ஹா ஹா ஹா'. பிறகு 30 முதல் 40 விநாடிச் சிரிப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு ஆழ்ந்த மூச்சு. அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இந்த மூச்சைத்தான். தலை கிறுகிறுப்பது அதனால்தான். தொண்டையிலிருந்து சிரித்தால் இருமலும் குரல் கம்மலும் வரும். வயிறு குலுங்க வேண்டும்.

கண்ணோடு கண் பார்த்தால்தான் வலிந்த சிரிப்பு தானாக வரும் சிரிப்பாகிறது. எங்கள் கணிப்பில், நேரடி வகுப்புக்கு இணையவழி வகுப்பு பாதிகூடத் தேறாது. செயலியின் இரைச்சல் குறைப்பு வசதி சிரிப்பையும் இரைச்சலென்று அமுக்கிவிடும், அதை அணைத்துவிடுங்கள்.

குடலிறக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை, கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, சிரித்தால் சிறுநீர் கசிவு: இவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் சேரக் கூடாது. சேர்க்கும்போதே இதையெல்லாம் விசாரிக்காத பயிற்றுநருக்குப் பணம் கட்டாதீர்கள்.