வந்து சேர்ந்த விண்ணப்பங்களை மறைத்து வைத்த படிவச் சேவை: அமைப்புகளுக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் அறக்கட்டளை ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. விண்ணப்பங்களை இணையப் படிவம் வழியாகப் பெறுவதும், அதற்கு எந்தச் சேவையைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்வதும் என் பொறுப்பு. இந்த ஆண்டு நான் தேர்ந்தெடுத்த சேவையால் முந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களின் விண்ணப்பங்கள் பதினொரு நாள் எங்கள் கண்ணில் படாமல் கிடந்தன. அவர்களில் சிலருக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் கடைசி நாளுக்குள் பணம் போய்ச் சேரவில்லை. அந்தச் சேவையின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இதே ஏற்பாடு வேறு சேவைகளிலும் இருப்பதைப் பிறகு கண்டேன். ஒரு பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததில் போய் விழுவதைவிட, நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

அதற்கு முன்பு மூன்று ஆண்டுகள் கூகுள் படிவத்தைத்தான் பயன்படுத்தினோம். எத்தனை பேர் நிரப்பினாலும் ஏற்றுக்கொண்டது, விடைகள் அப்படியே விரிதாளில் வந்து விழுந்தன, பெரிய குறை எதுவும் இருந்ததில்லை. ஆனால் கோப்பு இணைக்கச் சொல்லும் கேள்வி ஒன்றைச் சேர்த்துவிட்டால், நிரப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தே தீர வேண்டும். எங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பலரிடம் சொந்தக் கைபேசி இல்லை. உறவினர் ஒருவரின் கைபேசியில் நிரப்புவார்கள். மாணவியின் மதிப்பெண் சான்றிதழ் அவளுடைய சித்தப்பாவின் மின்னஞ்சல் முகவரியோடு வந்து சேரும். யாருடைய சான்றிதழ் எது என்று பிரிப்பதிலேயே ஒரு வாரம் போய்விடும். அந்த ஒரு சிக்கலைத் தீர்க்கத்தான் வேறு சேவையைத் தேடினேன்.

நான் கண்டெடுத்த சேவையின் முகப்பில் ‘இலவசம், வரம்பற்ற படிவங்கள்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. உள்நுழையாமலே கோப்பு இணைக்கலாம், தமிழில் கேள்வி எழுதலாம், பார்க்கவும் அழகாக இருந்தது. ‘வரம்பற்ற’ என்ற சொல் படிவங்களுக்கு மட்டுமே உரியது என்பதையும், அந்தப் படிவங்களில் வந்து சேரும் விடைகளில் மாதத்திற்கு நூறை மட்டுமே இலவசக் கணக்கில் பார்க்க முடியும் என்பதையும், கட்டண அட்டவணையின் அடியில் ஒரு சிறு கேள்விக்குறியைச் சொடுக்கினால் விரியும் குறிப்பில்தான் சொல்லியிருந்தார்கள். நான் அதைச் சொடுக்கவில்லை. நானும் என்னுடன் பணியாற்றுபவர்களும் ஐந்து முறை நிரப்பிப் பார்த்தோம், ஐந்தும் வந்தன, சரியாக இருக்கிறது என்று அறிவித்துவிட்டோம்.

முதல் நான்கு நாட்களில் மளமளவென்று விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு மின்னஞ்சல் அறிவிப்பு வரும். பிறகு அறிவிப்பு நின்றுவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் முதல் அலை ஓய்ந்து கடைசி வாரத்தில் மீண்டும் கூட்டம் வரும் என்பதால் எனக்கு ஐயம் எழவில்லை. பதினொரு நாள் கழித்து ஒரு மாணவியின் தாயார் தொலைபேசியில் அழைத்து, பரிசீலனை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார். எங்கள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்றேன். “இல்லையே சார், பொண்ணு போன வாரமே அனுப்பிட்டா. நன்றின்னு வந்ததைக்கூட போட்டோ எடுத்து வெச்சிருக்கோம்” என்று சொல்லி, அந்தப் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ‘உங்கள் விண்ணப்பம் பதிவாகிவிட்டது, நன்றி’ என்ற எங்கள் வாசகம்தான் அது. எங்கள் சின்னமும் மேலே இருந்தது.

உடனே கணக்கைத் திறந்து பார்த்தேன். மேலே 437 விடைகள் என்று இருந்தது. நூறாவது வரிசை வரை பெயர்கள் இருந்தன. அதற்குக் கீழே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பட்டைகள், வரிசை வரிசையாக. ஒரு பட்டையைத் தொட்டால், மற்ற விடைகளைக் காணத் திட்டத்தை உயர்த்துங்கள் என்ற பெட்டி வந்தது. அறிவிப்பு மின்னஞ்சலும் நூறோடு நிறுத்தப்பட்டிருந்தது. அதைவிடக் கொடுமை, மறைக்கப்பட்ட விடைகள் வந்த நாளிலிருந்து முப்பது நாள் மட்டுமே வைத்திருக்கப்படும், பிறகு அழிக்கப்படும் என்ற விதி.

வரம்பு வைத்ததை நான் குறை சொல்லவில்லை. சேவை நடத்துவதற்குச் செலவு உண்டு, நூறு என்றால் நூறு. நூறு முடிந்ததும் படிவத்தை மூடியிருந்தால் நூற்றொன்றாவது மாணவர் அன்றைக்கே எங்களை அழைத்திருப்பார், நாங்களும் அன்றைக்கே பணம் கட்டியிருப்போம் அல்லது வேறு வழி தேடியிருப்போம். அவர்கள் படிவத்தை மூடவில்லை. எங்கள் சின்னத்தின் கீழ், எங்கள் சொற்களால், ‘பதிவாகிவிட்டது’ என்று 337 பேரிடம் சொல்லி, அவர்களுடைய குடும்ப வருமானத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு, எங்களுக்குக் காட்ட மறுத்தார்கள். எத்தனை நாள் எடுத்து யோசித்தாலும் இதை ஏமாற்று என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது.

பணம் கட்டினோம். மாதக் கட்டணமாகக் காட்டப்பட்ட தொகை, ஓர் ஆண்டுக்கும் சேர்த்து ஒரே தவணையில் கடனட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. பரிசீலனைக் குழுவில் இன்னொருவருக்கு அனுமதி தர வேண்டுமென்றால் அவருக்கும் தனிக் கட்டணம். இதைப் பற்றி மேலும் எழுத எனக்கு விருப்பமில்லை. பணத்தால் போனது பிறகு வந்ததோடு ஒப்பிட்டால் சிறிது.

விடைகளைப் பதிவிறக்க, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெற்று எழுத்துக் கோப்பான சி.எஸ்.வி. என்ற ஒரே வடிவம்தான் இருந்தது. அதை எக்செலில் திறந்தால் தமிழ் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்தக் கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்பதைக் காட்டும் குறி தொடக்கத்தில் இல்லாவிட்டால், எக்செல் அந்த மூன்றையும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாக எண்ணிக் காட்டிவிடும். தமிழில் விடை வாங்கும் எவருக்கும் முதல் நாளே தேவைப்படும் அந்தச் சிறு குறியை அவர்கள் சேர்க்கவில்லை. உதவிப் பிரிவுக்கு எழுதியபோது உங்கள் கணினியில் கோளாறு என்றார்கள். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செலின் தரவு இறக்குமதி வழியாக உள்ளே எடுத்து, குறியாக்கப் பட்டியலில் 65001 என்ற எண்ணுடன் உள்ள யூ.டி.எஃப்-8ஐத் தேர்ந்தால் தமிழ் சரியாக வரும்.

தமிழ் உடைந்ததை உடனே கண்டுகொண்டோம். எண்கள் உடைந்ததைக் காணவில்லை. இரட்டைச் சொடுக்கில் திறந்த கோப்பில் பூஜ்யத்தில் தொடங்கிய கணக்கு எண்களின் முன் பூஜ்யம் மறைந்துபோயிருந்தது. எக்செல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும் என்பதால், பதினாறு இலக்கக் கணக்கு எண்களின் கடைசி இலக்கம் பூஜ்யமாகியிருந்தது. வங்கி சில பரிமாற்றங்களைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் ஒவ்வோர் எண்ணையும் மாணவர்களிடம் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்தோம். இது எக்செலின் இயல்பு, முழுப் பழியையும் படிவச் சேவையின்மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் எண்களை எழுத்தாகவே பாதுகாக்கும் எக்செல் கோப்பை அவர்கள் இன்னும் உயர்ந்த கட்டணத் திட்டத்திற்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சான்றிதழ்கள் வேறு கதை. பதிவிறக்கிய கோப்பில் அவை இல்லை, அவற்றின் இணைய இணைப்புகள் மட்டுமே இருந்தன. எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கும் வசதி கிடையாது. மாணவருக்கு இரண்டு வீதம் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகளை இரண்டு பேர் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் சேமித்தார்கள். அப்போது குழுவில் ஒருவர், தம் வீட்டுக் கணினியில் கணக்கிற்குள் நுழையாமலே அந்த இணைப்புகள் திறக்கின்றன என்று சொன்னார். முதலில் அது வசதியாகத் தோன்றியது. பிறகுதான் உறைத்தது: அந்தப் பட்டியல் யாருக்காவது தவறி அனுப்பப்பட்டால், கடவுச்சொல் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு பிள்ளையின் வருமானச் சான்றிதழையும் அவர் பார்க்கலாம். கணக்கை மூடினால் இணைப்புகள் செயலிழக்கும் என்று விதிகளில் இருந்தது. கோப்புகள் அழிக்கப்படும் என்று எங்கும் இல்லை.

இது வீண் அச்சமல்ல. 2018 ஜூனில் டைப்ஃபார்ம் என்ற பெயர்பெற்ற படிவச் சேவையின் காப்புநகலில் ஒரு பகுதி வெளியார் கைக்குப் போனது. எங்களை ஏமாற்றியது அந்த நிறுவனம் அன்று என்பதையும் இங்கே தெளிவுபடுத்திவிடுகிறேன். அப்போது அந்தச் சேவையைப் பயன்படுத்திய பிரிட்டனின் மோன்சோ வங்கியும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தேர்தல் ஆணையமும் தம்மிடம் விவரம் தந்தவர்களுக்கு நடந்ததைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. கசிந்தது படிவ நிறுவனத்தில். பதில் சொல்ல வேண்டியவர்கள் படிவத்தை அனுப்பிய அமைப்புகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 28ஆவது பிரிவு, தரவைத் திரட்டும் அமைப்புக்கும் அதைக் கையாளும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும், சேவை முடிந்ததும் தரவைத் திருப்பித் தரவோ அழிக்கவோ வேண்டும் என்கிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அத்தகைய ஒப்பந்தப் பிரதி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ஒழுங்காக நடக்கும் நிறுவனம் ஓரிரு நாளில் அனுப்பிவிடும். நான் கேட்டபோது எனக்கு வந்தது முகப்புப் பக்கத்தின் இணைப்பு.

இப்போது ஒரு சேவையை ஆராயும்போது நான் முதலில் பார்ப்பது படிவம் எப்படித் தோன்றுகிறது என்பதை அன்று, போட்ட விடைகளை முழுமையாக வெளியே எடுக்க முடிகிறதா என்பதையே. தமிழ்ப் பெயர்கள், பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள், பதினாறு இலக்க எண்கள், ஒரு படக் கோப்பு ஆகியவற்றோடு போலி விடைகளை நிரப்புகிறேன். இலவச வரம்பு எதுவானாலும் அதற்கு மேல் குறைந்தது ஐந்தையாவது சேர்த்து நிரப்பி, வரம்பைத் தாண்டியவருக்கு என்ன வாசகம் காட்டப்படுகிறது, எனக்கு என்ன தெரிகிறது என்று இரண்டு திரைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். நூறு முறை நிரப்புவது அலுப்பான வேலைதான். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடியும். பிறகு எல்லாவற்றையும் பதிவிறக்கி, கோப்பு இணைப்புகளை உள்நுழையாத உலாவியில் திறந்து பார்த்து, கடைசியில் அந்தச் சோதனைக் கணக்கையே மூடிப் பார்க்கிறேன். மூடும் பொத்தான் இல்லாமல் மின்னஞ்சல் எழுதச் சொல்லும் சேவையை அத்தோடு விட்டுவிடுகிறேன். கணக்கை ஊழியர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்காமல் அமைப்பின் பொது முகவரியில் தொடங்குவதும் முக்கியம். அவர் வேலையை விட்டுப் போனால் படிவமும் அவரோடு போய்விடும்.

நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலச் சேவைகளையும் இம்முறை கவனமாகப் பார்த்தோம். லைம்சர்வேயை நம் சொந்த வழங்கியிலேயே (சர்வர்) நிறுவலாம், ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும். எங்களிடம் அப்படி ஒருவர் இல்லை. ஓ.டி.கே., கோபோ டூல்பாக்ஸ் ஆகிய இரண்டும் களப்பணியை மனத்தில் வைத்து உருவானவை, இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் கைபேசியில் நிரப்பிவிட்டுப் பிறகு அனுப்பலாம். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, படிவமே எக்ஸ்.எல்.எஸ்.ஃபார்ம் என்ற பொது வடிவில் ஒரு விரிதாளாக இருப்பதுதான். ஒரு சேவை பிடிக்காவிட்டால் கேள்விகள், நிபந்தனைகள் எல்லாவற்றையும் அந்த ஒரு கோப்பில் எடுத்துக்கொண்டு அதே வடிவை ஏற்கும் இன்னொன்றுக்குப் போகலாம். தோற்றத்தில் பகட்டு குறைவு. படிவம் எளிமையாக இருப்பதை மாணவர்களில் ஒருவர்கூட இதுவரை குறையாகச் சொன்னதில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பங்களை கோபோவில் பெற முடிவு செய்திருக்கிறோம். வங்கிக் கணக்கு எண்ணை இனி விண்ணப்பத்திலேயே கேட்கப் போவதில்லை, தேர்வானவர்களிடம் மட்டும் பிறகு வாங்குவோம். தேர்வாகாதவர்களின் கணக்கு எண்ணை நாம் ஏன் இத்தனை ஆண்டுகளாக வாங்கி வைத்திருந்தோம் என்று குழுவில் ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

தாமதமான மாணவர்களில் ஒன்பது பேருக்கு அபராதத்துடன் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. அந்த அபராதத்தை அறக்கட்டளையே ஏற்றுக்கொண்டது. 437 பேரின் விடைகளையும் சான்றிதழ்களையும் வழங்கியிலிருந்தும் காப்புநகல்களிலிருந்தும் அழித்துவிட்டதாக எழுத்துப்பூர்வமான உறுதி கேட்டு அந்த நிறுவனத்திற்கு இதுவரை மூன்று கடிதங்கள் அனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டுக்கும் தானியங்கிப் பதில் வந்தது, மூன்றாவதற்கு அதுவும் வரவில்லை. நேற்று பழைய இணைப்புகளில் ஒன்றை உள்நுழையாமல் திறந்து பார்த்தேன். ஒரு மாணவரின் வருமானச் சான்றிதழ் இன்னும் திறக்கிறது.