அரிட்டாபட்டி மலைநடை: வழிகாட்டிய பெரியவர் இல்லாத ஒரு காலை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அரிட்டாபட்டியில், ஊர் இளைஞர் சிலர் வருகிறவர்களைக் கட்டணம் ஏதும் வாங்காமல் மலைக்கு அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். நான் இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை அழைத்துச் சென்றவர் அவ்வூரின் முதிய விவசாயி ஒருவர். சென்ற மாதம் போனபோது அவர் இல்லை, அவரிடம் கற்ற பிள்ளைகள் இருந்தார்கள். ஆகவே இந்த மதிப்புரையை அவரை ஒதுக்கிவிட்டு எழுத என்னால் இயலாது.

நடை விடியற்காலையில் கண்மாய்க் கரையில் தொடங்குகிறது. பறவைகளைக் காட்டுவதில் இன்றைய இளைஞர்கள் பெரியவரைவிடத் தேர்ந்தவர்கள் என்பதைத் தயங்காமல் சொல்வேன். ஏறத்தாழ 250 பறவையினங்கள் பதிவாகியுள்ள இப்பகுதியில், பாறை விளிம்பில் புள்ளியாகத் தெரிந்த ஒன்றை லகுடு வல்லூறு என்று அடையாளம் சொல்லி, அது பறந்து செல்லும் வரை பொறுமையாகக் காத்திருக்கவும் வைத்தார்கள். குடைவரைச் சிவன் கோயிலில், கையில் தடியுடன் அமர்ந்திருக்கும், சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும் லகுலீசரைத் தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் சிற்பம் என்று சரியாகவே விளக்கினார்கள்.

குறை சமணர் குகைத்தளத்தில்தான். கற்படுக்கைகளையும், 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டையும், தீர்த்தங்கரர் சிற்பத்தையும் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பெரியவர் அங்கே ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். சிற்பத்துக்கு அருகில், வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு, பொற்கோட்டுக் கரணத்தார் (கணக்கர்கள்) பேரால் அச்சணந்தி செய்வித்த திருமேனி அது என்று கூறி, ‘பாதிரிக்குடியார் ரட்சை’ என்று முடிகிறது. அந்தச் சிற்பத்தைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடி மக்களுடையது என்பது அதன் பொருள். செய்வித்தவர் துறவி, பேர் கணக்கர்களுடையது, காவல் ஊராருடையது என்று மூன்றையும் பிரித்துச் சொல்லிவிட்டு, எழுத்துகளைக் குச்சியால் காற்றில் மட்டுமே சுட்டினார். நான் விரலை நீட்டியபோது, “கை வைக்காதீக தம்பி, கண்ணு போதும்” என்றார். பாறையில் பெயர் கிறுக்குகிறவர்களை விரட்டியும், பள்ளிப் பிள்ளைகளை ஞாயிறுதோறும் ஏற்றிக் காட்டியும் பல ஆண்டுகளைச் செலவிட்ட அவருக்கு ஊதியமும் கிடையாது, அடையாள அட்டையும் கிடையாது.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலம் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த நிலத்தையும் உள்ளடக்கிய வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024 நவம்பரில் முடிந்ததும் ஊர்கள் திரண்டன. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தலைமைத் தபால் நிலையம் வரை நடந்த பேரணியில் பெரியவரும் சென்றதாகவும், முழங்கால் ஒத்துழைக்காததால் பாதி வழியை டிராக்டரில் கடந்ததாகவும், அதற்காகக் கடைசி வரை வெட்கப்பட்டதாகவும் எங்களை அழைத்துச் சென்ற பையன் கூறினான். அம்மாதம் 23ஆம் நாள் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வசதிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழிப்பறையை எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீரும் தொப்பியும் கொண்டு செல்ல வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். பணம் கொடுத்தால் வாங்க மறுக்கிறார்கள், ஆனால் தேநீருக்கு மறுப்பதில்லை.

வழிகாட்டுதலுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று கல்வெட்டின் முன் காட்டிய அவசரத்துக்காக. இறங்கும்போது அதைப் பையனிடம் வெளிப்படையாகவே சொன்னேன். அவன் கோபப்படாமல் எங்களை மீண்டும் மேலே அழைத்துச் சென்று, கைப்பேசி விளக்கைப் பாறையின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தான். சாய்ந்த வெளிச்சத்தில் ‘ரட்சை’ என்ற சொல்லை, கை வைக்காமல், எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினான்.