லாட்சை மாற்றச் சொன்னால் முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்

ஏழெட்டு வருடம் ஓடிய ஹேட்ச்பேக்கில் இன்ஜினுக்கு முன்பே தளர்ந்து போவது டிரைவர் பக்கக் கதவு. நாளைக்குப் பத்து முறை திறந்து மூடினாலே எட்டு வருடத்தில் 29,000 முறை ஆகிவிடுகிறது. பின்கதவுகளுக்கு அதில் கால்வாசிகூட வராது. அதனால் டிரைவர் கதவில் சந்தேகம் வந்தால் அதே காரின் பின்கதவை ஒருமுறை சாத்திப் பாருங்கள். பின்னால் 'டப்' என்று அமுங்கி விழுந்து, முன்னால் மட்டும் 'சடக்' என்று தகரச் சத்தம் கேட்டால் ஏதோ தேய்ந்திருக்கிறது அல்லது இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான இடங்களில் இதற்குச் சொல்லும் தீர்ப்பு "லாட்ச் போச்சு, மாத்திடலாம்". பாதி நேரம் அது தவறு. கதவைக் கவ்விப் பூட்டும் இந்த லாட்ச் நன்றாக இருக்கிறதா என்பதை வீட்டு வாசலிலேயே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கதவின் ஓரத்தில் தெரியும் லாட்சுக்குள் முக்கியமானவை இரண்டு துண்டுகள். நகம்போல் வளைந்து, பில்லரில் (கதவு வந்து சாத்தும் தூணில்) இருக்கும் ஸ்ட்ரைக்கர் வளையத்தைக் கவ்வுவது ஒன்று. அந்த நகம் திரும்பிப் போகாமல் பல்லில் விழுந்து தடுக்கும் கொக்கி இன்னொன்று. கதவைத் திறந்தபடி வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் நகத்தைச் சாத்தும் திசையில் மெல்லத் தள்ளுங்கள். 'டிக்', 'டிக்' என்று இரண்டு சத்தம் வரவேண்டும். முதலாவது பாதிப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. இரண்டாவது சத்தத்துக்குப் பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் நகம் அசையாமல் நிற்கவேண்டும். ஹேண்டிலை இழுத்தால் துள்ளித் திறக்கவேண்டும். நான்கைந்து முறை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் இப்படியே நடந்தால் லாட்ச் பெரும்பாலும் குற்றமற்றது. சோதனை முடிந்ததும் நகத்தை மறக்காமல் விடுவித்துவிடுங்கள். பூட்டிய நகத்தோடு கதவைச் சாத்தினால் அது நேராக ஸ்ட்ரைக்கரில் இடித்து, நல்ல லாட்சும் கெட்டுப்போகும்.

பாதிப் பூட்டிலேயே வண்டி ஓட்டுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதவுப் பூட்டுகளுக்கான அமெரிக்க விதி எஃப்எம்விஎஸ்எஸ் 206, முழுப் பூட்டில் 11,000 நியூட்டன் விசையைத் தாங்கச் சொல்கிறது. பாதிப் பூட்டுக்குக் கேட்பது 4,500 நியூட்டன்தான்.

நகம் பூட்டாமல் திரும்பத் திரும்ப விலகி வந்தால் கொக்கியை அழுத்தும் ஸ்பிரிங்கில் கோளாறு. இதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. கொக்கி ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் சிறிய நாக்குப் பகுதி விரிசல் விட்டு உடைந்ததால், ஃபோர்டு நிறுவனம் 2015-இல் ஃபியஸ்டா, ஃபியூஷன் கார்களையும், 2016 ஆகஸ்டில் ஃபோகஸ், எஸ்கேப், சி-மேக்ஸ் உட்பட மேலும் சுமார் 8.3 லட்சம் வண்டிகளையும் திரும்ப அழைத்து லாட்சுகளை மாற்றிக்கொடுத்தது. அடுத்த மாதமே அந்த அழைப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்காக விரிந்தது. ஆகஸ்டு அழைப்பு வெப்பமும் நேரடி வெயிலும் அதிகமுள்ள மாநிலங்களையும் மெக்ஸிகோவையும் குறிவைத்தது என்பதுதான் கவனிக்கவேண்டிய விஷயம். அறிகுறி எல்லோருக்கும் ஒன்றே: சாத்தினால் கதவு எதிரடித்துத் திரும்பி வரும். பலமுறை அறைந்து எப்படியோ சாத்திவிட்டால், ஓடும்போது திறந்துகொள்ளும் அபாயம். ஆகவே எதிரடிக்கும் கதவை ஓங்கி அறைந்து பழகாதீர்கள். அதற்கு மட்டும் லாட்ச் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஸ்க்ரூடிரைவர் சோதனையில் லாட்ச் தேறிவிட்டால் அடுத்தது கீல். கதவைப் பாதி திறந்து, ஓரத்தை இரு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். 'டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. கதவு தொங்கிவிட்டால் ஸ்ட்ரைக்கரின் மேல்பக்கத்தில் பளபளவென்று ஒரு உரசல் கோடு விழுந்திருக்கும். சாத்தும்போது கடைசி ஓரங்குலத்தில் கதவு சற்று மேலே ஏறி உட்காரும். இங்கேதான் பல டிங்கரிங் பட்டறைகள் குறுக்கு வழி போகின்றன: கீலைத் தொடாமல் ஸ்ட்ரைக்கரைக் கீழே இறக்கிவிடுவார்கள். அன்றைக்குக் கதவு நன்றாகச் சாத்தும். தொங்கல் அப்படியே இருப்பதால் சில மாதங்களில் பழைய கதைதான், கூடவே கதவின் மேல் மூலையில் பீடிங் (கதவோர ரப்பர் பட்டை) இடைவெளி விட்டுக் காற்றுச் சத்தமும் வரும். முதலில் கீல், பிறகே ஸ்ட்ரைக்கர்.

ஸ்ட்ரைக்கரை நகர்த்துவதற்கு முன் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டார் போல்ட்டையும் முழுக்கக் கழற்றக்கூடாது; சில வண்டிகளில் உள்ளிருக்கும் நட்டுத் தகடு பில்லருக்குள் விழுந்துவிடும். அரைச் சுற்று தளர்த்தி, மரக்கட்டை வைத்துத் தட்டி, ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் மட்டும் நகர்த்துங்கள். பீடிங் இறுக்கத்துக்குச் செய்தித்தாள் துண்டு போதும்: கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தால் உரசி வரவேண்டும், வழுக்கி வரக்கூடாது.

லாட்சில் டபிள்யூடி-40 அடித்தால் உடனே சரியானதுபோல் இருக்கும். அது பழைய கிரீஸையும் கரைத்துக் கழுவிவிடுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அடித்துச் சுத்தம் செய்யுங்கள், துணியால் துடையுங்கள், பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் வையுங்கள். பழைய இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். தூசியோடு சேர்ந்து களிம்பாகி நகத்தை மந்தமாக்கும். பின்கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லையென்றால் எதையும் கழற்றும் முன் சைல்டு லாக் குமிழைப் பாருங்கள்.

லாட்சின் ஆயுளைக் குறைக்கும் இன்னொன்று தண்ணீர். கண்ணாடி வழியே கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அடியில் உள்ள வடிகால் ஓட்டைகள் வழியே வெளியேறிவிடவேண்டும். ஓட்டையில் சேறும் இலையும் அடைத்தால் கதவைத் திறக்கும்போது 'சளக்' என்று கேட்கும். சில மழைக்காலங்களுக்குப் பிறகு கீழ் மடிப்பில் பெயின்ட் கொப்புளமாக எழும். அப்போது மேலே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தாலும் துரு உள்ளிருந்தே வருகிறது. ஓட்டையை ஆணியால் குத்தாதீர்கள், பெயின்ட் பெயர்ந்து துருவுக்கு வாசல் திறக்கும். பிளாஸ்டிக் கேபிள் டை போதும்.

ஸ்பீக்கரோ பவர் விண்டோவோ மாற்றக் கொடுத்தால், கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை முன்பிருந்த கறுப்புப் பசையோடு திரும்ப ஒட்டச் சொல்லி, பேட் மாட்டும் முன் கண்ணால் பாருங்கள். அதைக் கிழித்துவிட்டு மூடினால் அடுத்த மழைக்கு மிதியடிக்குக் கீழே கார்ப்பெட் ஊறும். காரணம் தேடி விண்ட்ஷீல்டைக் கழற்றும் அளவுக்குப் போகிறவர்கள் உண்டு.

சென்ட்ரல் லாக் ஒருநாள் வேலை செய்து ஒருநாள் செய்யாவிட்டால் மோட்டாரை உடனே வாங்கவேண்டாம். கீல் பக்கத்தில் பில்லருக்கும் கதவுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை இழுத்துப் பாருங்கள். திறந்து மூடி மடங்கி மடங்கி, உள்ளே ஒயரின் செம்பு அறுந்திருக்கலாம். மேல் உறை முழுதாகவே தெரியும். கதவைப் பல கோணங்களில் நிறுத்தி ரிமோட்டை அழுத்துங்கள். ஒரு கோணத்தில் வேலை செய்து மறுகோணத்தில் நின்றால் கோளாறு அங்கேதான்.

கடைசியாக, முதல் பூட்டு விட்டாலும் பானட் மேலே எழாமல் பிடிக்கும் இரண்டாவது கொக்கி. அதை யாரும் பார்ப்பதில்லை. நிஸான் 2013 முதல் 2018 வரையிலான அல்டிமா கார்களை இந்தக் கொக்கிக்காகவே திரும்ப அழைத்தது. பூச்சுத் தேய்ந்து துருப்பிடித்துத் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொக்கியை விரலால் தள்ளி விடுங்கள். ஸ்பிரிங் அதைத் தானாக, முழுமையாகத் திருப்பிக் கொண்டுவரவேண்டும். பாதியில் நின்றால் சுத்தம் செய்து கிரீஸ் வைக்காமல் நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள்.