ஹாட் டப் வாங்க ஆறு கடை ஏறி இறங்கினோம்

ஹாட் டப்னா வீட்டுக்குப் பின்பக்கம் வெளிய வச்சு உக்காந்துக்கிற வெந்நித் தொட்டி, சுத்தி இருக்கிற ஜெட்டுங்கிற துளையில இருந்து தண்ணி வேகமா பீச்சி உடம்பைப் பிடிச்சு விடும். அதை வாங்கணும்னு ரெண்டு வருஷமா வீட்ல ஓடிட்டு இருந்த பேச்சு. எனக்கு உக்காந்தே வேலை பாத்து இடுப்பு போச்சு, என் மனைவிக்கு குளிர் சுத்தமா ஆகாது, நாங்க இருக்கிற ஒன்டாரியோ மில்டன்ல நவம்பர் வந்தா பின்பக்கக் கதவைத் திறக்கிறதே இல்ல, அதான் போன வசந்தத்துல இருந்து டீலர் டீலரா அலைஞ்சோம். முதல் கடையில ஜெட் தண்ணியில கைய வச்சுப் பாத்துட்டு "ஐந்தருவியில ஓசில கிடைக்கிறதுக்கு இருபதாயிரம் டாலரா"ன்னு தமிழ்லயே கேட்டா, தென்காசிக்காரி, வேற எப்படி கேப்பா. சேல்ஸ்மேன் ஒண்ணும் புரியாம சிரிச்சு வச்சான்.

நம்ம ஆளுங்க எல்லாத்தையும் ஜக்கூஸின்னுதான் சொல்றோம், அது ஒரு கம்பெனி பேரு, ஜெராக்ஸ் மாதிரி ஆகிப்போச்சு. இத்தாலியில இருந்து கலிபோர்னியா வந்த அண்ணன் தம்பிங்க, மொதல்ல பண்ணது விமான ப்ரொபல்லர், அப்புறம் பம்பு. அதுல ஒருத்தரோட பையனுக்கு மூட்டுவாதம், அவனுக்காக பம்பை பாத்டப்புல இறக்கினதுல ஆரம்பிச்சதுதான் இந்த ஜெட் சமாச்சாரமெல்லாம். இன்னொன்னு, கடையில எதிரெதிரா நிக்கிற பிராண்டெல்லாம் பல நேரம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. சன்டான்ஸ் ஜக்கூஸியோட கூடப்பிறந்தது, ஹாட் ஸ்பிரிங்கும் கால்டெராவும் வாட்கின்ஸ்ங்கிற ஒரே கம்பெனி. இது தெரியாம நான் ஒருத்தன்கிட்ட இன்னொருத்தன் ரேட்டைச் சொல்லி மிரட்டிட்டு இருந்தேன்.

பிராண்டு வித்தியாசம்னு பாத்தா எனக்கு முக்கியமா பட்டது சூடு வெளிய போகாம உள்ள ஃபோம் எப்படி அடைச்சிருக்காங்கங்கிறதுதான். மைனஸ் 20ல 40 டிகிரி தண்ணியை நாள் முழுக்க வச்சிருக்கணும்ல. ஒரு வகை, தண்ணி நிக்கிற உள் தொட்டிக்கும் வெளிப் பலகைக்கும் நடுவுல இடைவெளியே இல்லாம முழுசா அடைச்சிடுவாங்க, சூடு நல்லா நிக்கும், ஆனா பைப் கசிஞ்சா எங்கன்னு கண்டுபிடிக்க அதையெல்லாம் தோண்டி எடுக்கணும். ஆல்பர்ட்டாக்காரங்க ஆர்க்டிக் ஸ்பாஸ் பண்றது வேற மாதிரி, ஓரச் சுவர்ல மட்டும் தடிமனா அடைச்சு நடுவுல வெத்திடம் விட்டுடுறாங்க, பம்பு விடுற சூடு அங்கேயே சுத்தும், பைப்பெல்லாம் கைக்கு எட்டும். பார்த்ததுமே மனசு அதுல விழுந்துடுச்சு. பீச்கோம்பர்ல சில மாடலுக்கு பம்பு ஹீட்டர் எல்லாம் டப்புக்கு வெளிய படிக்கட்டுக்கு அடியில, ரிப்பேர் பாக்க சுலபம். புல்ஃப்ராக்ல சாயுற இடத்துல இருக்கிற ஜெட் பலகையை அப்படியே கழட்டி அடுத்த சீட்டுக்கு மாத்தலாம், எங்க பையன் அதை நாலு தடவை கழட்டி மாட்டினான், வாங்கினா வீட்ல இது ஒண்ணுதான் நடக்கும்னு தோணுச்சு.

சாதா பிளக்ல சொருகுற மாடல் விலை கம்மி, எலக்ட்ரீஷியன் செலவு இல்ல, ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல ஹீட்டர் பொதுவா 1 கிலோவாட்தான். கணக்கு போட்டுப் பாருங்க, 1,500 லிட்டர் தண்ணியை 10 டிகிரில இருந்து 40க்கு ஏத்த 52 யூனிட் கரண்ட் வேணும், அப்போ 1 கிலோவாட் ஹீட்டர் ரெண்டு நாளுக்கு மேல ஓடணும், அதுவும் வெளிய போற சூட்டைக் கணக்குல சேக்காம. 240 வோல்ட் 4 கிலோவாட்னா 13 மணி நேரம். சிலதுல ஜெட் போட்டா ஹீட்டர் நின்னுடும் வேற. நயாகரா பக்கம் இருக்கிற மிதமான குளிருக்கு ஓகேவா இருக்கலாம், எங்களுக்கு வேணாம்னு விட்டுட்டோம்.

குதிரைத்திறன் விஷயத்துல நல்லா ஏமாத்துறாங்க. ஒரு கடையில பிரோஷர்ல 6 எச்பி பம்புன்னு போட்டிருந்துச்சு. பக்கப் பலகையைக் கழட்டிக் காட்டுங்கன்னேன், அரை மனசா ஸ்க்ரூ டிரைவர் தேடி எடுத்துட்டு வந்தான். குத்தவச்சு போன் டார்ச் அடிச்சுப் பாத்தா பம்பு ஸ்டிக்கர்ல 240 வோல்ட், 12 ஆம்ப்ஸ். பெருக்கினா 2,880 வாட், ஒரு எச்பிக்கு 746 வாட், அப்போ உள்ள போற கரண்டே நாலு எச்பிக்கு வரல, அப்புறம் எங்க இருந்து ஆறு வெளிய வரும்? "அது பீக்கு சார்"ன்னான். ஸ்டார்ட் ஆகுற ஒரு நொடிக்கு. அதே மாதிரிதான் 60 ஜெட்டு 70 ஜெட்டுன்னு எண்ணிக்கை சொல்றதும், ரெண்டு பம்பு தண்ணியை எழுபதா பிரிச்சா ஒவ்வொண்ணும் பல்லு தேய்க்கிற குழாய் மாதிரிதான் வரும்.

அதனால நனைஞ்சு பாக்காம வாங்காதீங்க. பல கடையில ஒரு தனி ரூம்ல தண்ணி நிரப்பி வச்சிருக்காங்க, முன்கூட்டியே சொன்னா துண்டெல்லாம் குடுத்து அரை மணி நேரம் விடுறாங்க. எனக்கு கூச்சமா இருந்துச்சு, ஆனா போனதுனாலதான் தெரிஞ்சது, படுக்கிற சீட்டுல நான் மிதக்கிறேன், அவளுக்கு கால் எட்டல, பிரோஷர்ல அது ராஜா சீட்டு. படுக்கை சீட்டே வேணாம்னு அங்கயே முடிவாச்சு.

நடுவுல அம்மா போன்ல, "மூணு மாசம் ஒரே தண்ணியிலயா எல்லாரும் குளிப்பீங்க"ன்னு முகம் சுளிச்சது குரல்லயே கேட்டுச்சு. குளிச்சிட்டுதான் இறங்குவோம்மா, ஃபில்டர் ஓடும், குளோரினோ புரோமினோ போடுவோம், பிஎச் 7.2ல இருந்து 7.8க்குள்ள இருக்கான்னு ஸ்ட்ரிப் முக்கிப் பாப்போம்னு சொன்னேன். "அதுக்கு வாளியில வெந்நி போட்டு ஊத்திக்க"ன்னு வச்சிட்டாங்க.

இனி என் முட்டாள்தனம். ஒரு வீட்டுப் பொருள் கண்காட்சியில, கடை பேரு வேணாம், இன்னைக்கு மட்டும்தான் இந்த ரேட்டுன்னு சொன்னதுல 1,000 டாலர் அட்வான்ஸ் கட்டிட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சு, பத்து நாளைக்குள்ள ரத்து பண்ணலாமேன்னு போன் பண்ணா முடியாதுன்னுட்டான். சட்டத்தைத் தேடிப் படிச்சா அவன் சொன்னது சரி. ஒன்டாரியோவுல வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கினாதான் அந்தப் பத்து நாள், கண்காட்சியில போட்ட ஒப்பந்தத்துக்குக் கிடையாது. கெஞ்சிக் கூத்தாடி பாதி வாங்கினேன். அடுத்த மாசம் அந்தக் கடைக்குள்ள சும்மா போனேன், அதே டப்பு, அதே இன்னைக்கு மட்டும் ரேட்டு.

கடைசியா ரெண்டு டீலர் மிஞ்சினாங்க. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்வி, ஜனவரியில ஹீட்டர் போச்சுன்னா யாரு வருவா, எத்தனை நாள்ல? ஒருத்தர் 800ன்னு ஆரம்பிக்கிற இலவச போன் நம்பர் ஒண்ணைக் குடுத்தார். இன்னொருத்தர், ஹாட் ஸ்பிரிங் விக்கிறவர், பின்னாடி கூட்டிட்டுப் போய் பார்ட்ஸ் அலமாரியையும் ரெண்டு டெக்னீஷியனையும் காட்டினார், லேபர் வாரண்டி எத்தனை வருஷம்னு பேப்பர்லயே வட்டம் போட்டுக் குடுத்தார். முழுசா அடைச்ச வகைதான், எனக்குப் பிடிச்ச டிசைன் இல்ல, விலையும் கூடத்தான், 13 சதவீதம் வரி வேற. இருந்தாலும் அங்கதான் எடுத்தோம். எலக்ட்ரிக்கல் வேலைக்கு 50 ஆம்ப் லைன், ஈஎஸ்ஏங்கிற ஒன்டாரியோ மின் பாதுகாப்பு அமைப்போட பெர்மிட் எடுத்து லைசென்ஸ் உள்ள ஆளைத்தான் வைக்கணும்னு அவரே சொன்னார், தெரிஞ்ச பையன் கம்மியா செய்வான்னு நான் ஆரம்பிச்சதை முடிக்கவே விடல.

முடிவை உறுதி பண்ணது அளக்கிற டேப். மத்த யாரும் வீட்டை வந்து பாக்கவே இல்ல. இவரோட டெலிவரி ஆள் வந்து வீட்டுப் பக்கவாட்டுல இருக்கிற சந்து எவ்வளவு அகலம்னு அளந்தார். டப்பை ஒருக்களிச்சு சாச்சுதான் தள்ளிட்டு வருவாங்க, அப்போ 38 இன்ச் உயரம் அகலமாயிடும். எங்க கேட்டு 42, ஆனா கேஸ் மீட்டர் துருத்திட்டு நிக்கிற இடத்துல 35தான். கிரேன்னா அது ஒரு தனிச் செலவு. அவர் சுத்திப் பாத்துட்டு பக்கத்து வீட்டு வேலியில ரெண்டு பலகை கழட்டினா அந்த வழியா போயிடும்னார். பக்கத்து வீட்டு பஞ்சாபி அங்கிள்கிட்ட தயங்கித் தயங்கிக் கேட்டேன். பலகையை நானே கழட்டித் தரேன், ஆனா முதல் நாள் எனக்கும் ஒரு சீட்டு வேணும்னுட்டார். அஞ்சு சீட்டு டப்புல ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே போச்சு.