பண்ணவாடி நந்தியைக் காட்டுவதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறார்கள்: சேலத்தார் கவனத்திற்கு

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் உள்ள பண்ணவாடிக்கு அழைத்துச் சென்று நந்தி சிலையைக் காட்டுவதாகச் சொல்லி, கடந்த ஆவணி மாதம் ஒருவர் எங்களிடம் பணம் வாங்கி ஏமாற்றினார். அதே ஆள் மற்றவர்களையும் ஏமாற்றக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

1934-இல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீருக்குள் போன ஊர்களில் ஒன்றிலிருந்து வெளியேறிய குடும்பம் என் அம்மாவின் பாட்டியுடையது. பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த அம்மாவுக்கு இப்போது 72 வயது. மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான், வெடித்துக் காய்ந்த தரையில் நந்தி முழுதாகத் தெரியும் காணொளி ஒன்று, "இப்போதைய காட்சி" என்ற குறிப்போடும் ஒரு கைபேசி எண்ணோடும் வாட்ஸ்அப்பில் வந்தது. வேன், பரிசல், மதியம் மீன் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 900 ரூபாய் என்றார் பேசியவர். ஆறு பேருக்கு 5,400 ரூபாயில், 3,500 ரூபாயை கூகுள் பே மூலம் முன்பணமாக அனுப்பினேன்.

ஓமலூர், மேச்சேரி, கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி பரிசல் துறையை அடைந்தபோது, எதிர்க்கரை நாகமறை வரை தண்ணீர் மட்டுமே தெரிந்தது. அங்கே காத்திருந்த அவருடைய ஆள், நந்திக்கு நேர் மேலே பரிசலை நிறுத்தினால் நீருக்குள் நிழலாகத் தெரியும் என்றும், அதற்கு ஆளுக்கு மேலும் 300 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. பரிசலில் ஒரு உயிர்காப்பு உடைகூட இல்லை. நாங்கள் தயங்கி நிற்பதைக் கண்ட வயதான பரிசல்காரர் ஒருவர், "ஏறாதீங்கம்மா, தண்ணி 119 அடி நிக்குதுங்க, நந்தி அம்பதடி ஆழத்துல கெடக்குது" என்று அம்மாவிடம் சொன்னார். அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அதைக் கேட்டதும் அந்த ஆள் நகர்ந்துவிட்டார். வேன்காரரோ தனக்கு யாரும் பணம் தரவில்லை என்று சொல்ல, வாடகையையும் நானே கொடுத்தேன். மீன் சாப்பாடு என்ற பேச்சே எழவில்லை.

அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது ஏறக்குறைய 70 அடிக்குக் கீழே இறங்கினால்தான் நந்தி வெளியே வரும். ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவைச் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து நீர்மட்டம் குறைந்து, மழையும் பொய்த்த காலங்களில் அப்படி இறங்குவதுண்டு. அணை நிரம்பி நிற்கும்போது வாய்ப்பே இல்லை. நீர்வளத்துறை அன்றாடம் வெளியிடும் நீர்மட்டமும் நீர்வரத்தும் சேலம் பதிப்பு நாளிதழ்களில் வருகின்றன. பணம் அனுப்புவதற்கு முன் அன்றைய எண்ணை மட்டும் பாருங்கள். நீர்வரத்து மிகுந்த நாட்களில் பரிசல் இயக்கவே தடை விதிப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தக் கைபேசி எண் அன்று மாலையே அணைக்கப்பட்டுவிட்டது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் இன்னும் திரும்பவில்லை. அதே காணொளி போன வாரம் வேறொரு எண்ணோடு எங்கள் தெருக் குழுவில் மீண்டும் வந்தது.